டெசர்ட் வியூ காவற்கோபுரம்: மூட்டுவலியுள்ள அம்மாவை அழைத்துச் செல்லலாமா?

அல்சூர் வாசகி:

அனைவருக்கும் வணக்கம். வரும் அக்டோபரில் என் அம்மாவை அழைத்துக்கொண்டு பெங்களூரிலிருந்து அமெரிக்காவுக்குப் போகிறேன். என் தம்பி பீனிக்ஸ் நகரில் வேலை பார்க்கிறான். வெள்ளிக்கிழமை இரவு ஃபிளாக்ஸ்டாஃபில் தங்கி, மறுநாள் பகல் முழுவதும் கிராண்ட் கேன்யனின் தென்விளிம்பில் இருந்துவிட்டு, இரவே பீனிக்ஸ் திரும்பிவிடலாம் என்பது அவனுடைய திட்டம். ஆகவே எங்கள் கையில் இருப்பது ஒரே ஒரு பகல்.

அம்மாவுக்கு 68 வயது. இரண்டு முழங்கால்களிலும் மூட்டுத் தேய்மானம் இருக்கிறது. சமதளத்தில் நிதானமாக நடப்பார். அல்சூர் சோமேஸ்வரர் கோயிலில் பிரதோஷத்தன்று மூன்று சுற்றுச் சுற்றிய பிறகுதான் உட்காருவார். படி ஏறுவதைவிட இறங்குவதுதான் அவருக்குப் பெரிய வேதனை. ஆனால் மலையும் பள்ளத்தாக்கும் அவருக்கு உயிர். சென்ற ஆண்டு கண்டிகோட்டாவுக்குப் போயிருந்தபோது, பென்னாறு வளைந்து செல்லும் அந்தப் பள்ளத்தாக்கின் விளிம்பில் ஒரு பாறைமேல் ஒரு மணி நேரம் பேசாமல் உட்கார்ந்திருந்துவிட்டு, புறப்படலாம் என்று நாங்கள் சொன்னபோது, "இன்னும் கொஞ்ச நேரம் இருக்கலாமே" என்று கேட்டவர் அவர்.

இணையத்தில் படங்கள் பார்த்துக்கொண்டிருந்தபோது, டெசர்ட் வியூ என்ற இடத்தில் பள்ளத்தாக்கின் விளிம்பை ஒட்டி நிற்கும் வட்டமான கற்கோபுரம் என் கண்ணில் பட்டது. அன்றிலிருந்து அதை நேரில் பார்த்துவிட வேண்டும் என்ற ஆசை மனத்தைவிட்டு அகலவில்லை. தம்பியோ, "அக்கா, அது பழங்காலக் கோபுரமே இல்லை. 1932-இல் கட்டியது. பார்ப்பதற்குப் பழையதுபோல் இருக்குமாறு செய்திருக்கிறார்கள், அவ்வளவுதான். பார்வையாளர் மையத்திலிருந்து நாற்பது கிலோமீட்டர் போய்த் திரும்ப வேண்டும். அந்த நேரத்தை மையத்துக்குப் பக்கத்திலுள்ள மேதர் முனையிலேயே செலவழிக்கலாம்" என்கிறான்.

போய் வந்தவர்கள் சொல்லுங்கள். அந்தக் கோபுரத்துக்காக அத்தனை தூரம் போவது தகுமா? மேலே ஏற முடியாத ஒருவருக்கு அங்கே பார்க்க என்ன இருக்கிறது? அம்மாவைக் கீழே விட்டுவிட்டு நான் மட்டும் ஏறிப் பார்த்துவிட்டு வருவது எனக்குச் சம்மதமில்லை.

ஜெயநகர் பயணி:

வணக்கம் சகோதரி. நான் அந்தக் கோபுரத்துக்கு இரண்டு முறை போயிருக்கிறேன். முதல் முறை ஒரு சுற்றுலா நிறுவனத்தின் பேருந்தில் போனபோது எங்களுக்கு இருபது நிமிடம் கொடுத்தார்கள். பாதி நேரம் கழிப்பறை வரிசையில் போய்விட்டது. மீதி நேரத்தில் மூச்சிரைக்க மேலே ஏறி, நான்கு படங்கள் எடுத்துக்கொண்டு இறங்கினேன். ஊர் திரும்பிப் படங்களைப் பார்த்தபோதுதான் அந்தச் சுவர்கள் முழுவதும் ஓவியங்கள் இருந்ததே எனக்குத் தெரிய வந்தது. அந்த மனக்குறையால்தான் இரண்டாம் முறை, மாமனாரையும் மாமியாரையும் அழைத்துக்கொண்டு வாடகைக் காரில் போய் இரண்டரை மணி நேரம் இருந்தோம். என் மாமியாருக்கும் உங்கள் அம்மாவின் நிலைதான். அவர் மேலே ஏறவில்லை. இருந்தும் அந்தப் பயணத்தில் அவர் இன்றுவரை பேசிக்கொண்டிருப்பது அந்த இடத்தைப் பற்றித்தான்.

முதலில் தூரத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். நீங்கள் ஃபிளாக்ஸ்டாஃபில் தங்குவதால், போய்த் திரும்பும் அலைச்சல் உங்களுக்குத் தேவையே இல்லை. 89-ஆம் எண் நெடுஞ்சாலையில் வடக்கே கேமரன் வரை சென்று, அங்கிருந்து 64-ஆம் எண் சாலையில் மேற்கே திரும்பினால், பூங்காவின் கிழக்கு நுழைவாயில் வழியாக நேரே டெசர்ட் வியூவுக்கே வந்துவிடுவீர்கள். மொத்தம் ஏறத்தாழ 130 கிலோமீட்டர். கோபுரத்தைப் பார்த்த பிறகு விளிம்பை ஒட்டிய சாலையிலேயே மேற்கே வந்தால், வழியில் லிபான், மோரன், கிராண்ட்வியூ முனைகளைப் பார்த்துக்கொண்டு பிற்பகலில் மேதர் முனைக்கு வந்து சேரலாம்; தெற்கு வாயில் வழியாகப் பீனிக்ஸுக்குத் திரும்பலாம். ஆக, தம்பியின் ஆசையும் நிறைவேறும், உங்கள் ஆசையும் நிறைவேறும். ஒன்றை மட்டும் கவனியுங்கள்: பூங்காவின் இலவசப் பேருந்துகள் டெசர்ட் வியூ வரை வருவதில்லை, காரில்தான் போக வேண்டும். கேமரன் இருப்பது நவஹோ பழங்குடி மக்களின் நிலப்பகுதியில். அரிசோனாவில் கோடைக்காலத்துக்காகக் கடிகாரத்தை மாற்றுவதில்லை, ஆனால் நவஹோ பகுதியில் மாற்றுகிறார்கள். அதனால் அக்டோபரில் அங்கே நுழைந்ததும் கைப்பேசி ஒரு மணி நேரம் கூட்டிக் காட்டும். பிறகு தானே குறைந்துவிடும். நாங்கள் இதை அறியாமல் நேரமாகிவிட்டது என்று பதறி, காலை உணவைப் பாதியில் விட்டுவிட்டுப் புறப்பட்டோம்.

இப்போது அம்மாவைப் பற்றி. கோபுரத்தின் அடியில் ஒரு பெரிய வட்டமான அறை இருக்கிறது. பியூப்ளோ பழங்குடி மக்கள் சடங்குகளுக்காக நிலத்துக்குள் அமைக்கும் 'கீவா' என்ற வட்ட அறையை நினைவூட்டும்படி அதைக் கட்டியிருக்கிறார்கள். அங்கே மரத்தடிகளை வளையம் வளையமாக, ஒரு சுற்றின்மேல் இன்னொரு சுற்றாக அடுக்கிக் கூரை எழுப்பியிருக்கிறார்கள். கிராண்ட்வியூவில் முன்பு இருந்த பழைய விடுதியைப் பிரித்தபோது கிடைத்த மரங்கள் அவை. அறையின் பெரிய சன்னல்கள் வழியாகப் பள்ளத்தாக்கு முழுவதும் தெரியும். என் மாமியார் அங்கேயே நின்று பார்த்தார். பிறகு வெளியே விளிம்புச் சுவருக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டார். அந்த இடத்தின் தனிச்சிறப்பு என்னவென்றால், மேதர் முனையில் ஆற்றைக் காண்பதே அரிது. இங்கே கொலராடோ ஆறு வடக்கிலிருந்து வந்து மேற்கே திரும்பும் பெரிய வளைவு கண்ணுக்கு நேராகத் தெரியும். கிழக்கே திரும்பினால் பல நிறத்தில் வரிவரியாகப் பாலைநிலம் விரிந்து கிடக்கும். கண்டிகோட்டாவில் ஒரு மணி நேரம் உட்கார்ந்தவருக்கு இங்கே நாள் முழுவதும் போதாது.

கோபுரத்தின் உச்சிக்கு 85 படிகள். மின்தூக்கி கிடையாது. சுவரை ஒட்டி வளைந்து செல்லும் குறுகலான படிகள்; இறங்கும்போது எதிரே வருபவர்களுக்கு ஒதுங்கி நிற்க வேண்டியிருக்கும். உங்கள் அம்மா உச்சிவரை ஏற வேண்டாம் என்றே நான் சொல்வேன். ஆனால் முழங்கால் அன்றைக்கு ஒத்துழைத்தால், நீங்கள் கைகொடுத்து முதல் தளம் வரை மட்டும் அழைத்துப் போங்கள். ஹோப்பி அறை என்று அதற்குப் பெயர். அந்தக் கட்டடத்தில் நான் மிகவும் மதிப்பது அந்த அறையைத்தான்.

அந்தச் சுவரில் வரைந்தவர் ஃபிரெட் கபோட்டி என்ற, ஹோப்பி பழங்குடியைச் சேர்ந்த ஓவியர். அங்குள்ள பெரிய வட்ட ஓவியம், கொலராடோ ஆற்றில் முதன்முதலாகப் பயணம் செய்தவன் என்று ஹோப்பி மக்கள் சொல்லும் ஓர் இளைஞனின் கதையைச் சொல்கிறது. இந்த ஆறு எங்கே போய் முடிகிறது என்ற கேள்வி அவனை வாட்டியது. குடைந்தெடுத்த ஒரு மரத்தடிக்குள் அமர்ந்து ஆற்றோடு போனான். கடல்வரை சென்று, நாக மக்களிடம் மழை வருவிக்கும் சடங்குகளைக் கற்றுக்கொண்டு, அவர்களில் ஒரு பெண்ணை மணந்து, ஊர் திரும்பினான். வட்டத்தை நான்காகப் பிரித்து அந்தக் கதையைக் கபோட்டி வரைந்திருக்கிறார். அந்த ஓவியத்துக்கு முன்னால் நின்று என் மாமனார், "நாக கன்னிகை கதை நம் ஊரில் மட்டும்தான் இருக்கிறது என்று நினைத்திருந்தேன்" என்றார். ஓவியத்தைப் பார்த்துவிட்டு அங்குள்ள சிறிய சன்னல் வழியாக எட்டிப் பார்த்தால் அதே ஆறு கீழே தெரிகிறது. அந்த ஓவியம் இருக்க வேண்டிய இடம் அதுதான் என்று அப்போது எனக்குத் தோன்றியது.

ஆர்.டி. நகர்ப் பொறியாளர்:

மேலே நண்பர் சொன்ன வழியும் நேரக்கணக்கும் சரியானவை. கட்டடத் துறையில் இருபது ஆண்டுகளாக இருப்பவன் என்ற முறையில், தம்பி சொன்ன "பழையதுபோல் செய்திருக்கிறார்கள், அவ்வளவுதான்" என்ற சொல்லுக்கு மட்டும் நான் பதில் எழுத விரும்புகிறேன்.

அவர் சொல்லும் ஆண்டு சரி. கோபுரம் 1932-இல் கட்டி முடிக்கப்பட்டு, 1933 மே மாதம் ஹோப்பி மக்களின் சடங்குகளுடன் திறக்கப்பட்டது. உள்ளே இருப்பது கான்கிரீட் அடித்தளமும் இரும்புச் சட்டகமும். உயரம் 70 அடி, அடிப்பகுதியின் விட்டம் 30 அடி. ஆனால் இதை யாரும் மறைக்கவில்லை. வடிவமைத்த மேரி கோல்ட்டர், இது எந்தப் பழைய கோபுரத்தின் நகலும் அல்ல, பழையவற்றின் இயல்பை உள்வாங்கிக்கொண்டு புதிதாக உருவாக்கியது என்று வழிகாட்டிகளுக்காகத் தாம் எழுதிய கையேட்டிலேயே தெளிவாகச் சொல்லியிருக்கிறார். 1869-இல் பிறந்த அவருக்கு இந்தக் கோபுரம் எழும்போது வயது அறுபதைத் தாண்டியிருந்தது. பெண் கட்டடக் கலைஞர்கள் விரல்விட்டு எண்ணும் அளவிலேயே இருந்த காலம் அது. ஹோவன்வீப், மெசா வெர்டே போன்ற இடங்களில் சிதைந்து நிற்கும் பழைய கோபுரங்களை அவர் தேடித் தேடிப் பார்த்தார்; சிலவற்றை விமானத்திலிருந்தும் பார்த்தார். களிமண்ணில் மாதிரி செய்தார். உச்சியிலிருந்து காட்சி எப்படித் தெரியும் என்று அறிவதற்காகவே அந்த இடத்தில் மரத்தால் ஓர் உயர்ந்த மேடை எழுப்பி ஏறிப் பார்த்தார். இன்றைக்கு நம் ஊரில் பல மாடிக் குடியிருப்பு கட்டுபவர்களில் எத்தனை பேர் இந்த அக்கறையைக் காட்டுகிறார்கள்?

நீங்கள் போகும்போது கோபுரத்துக்குள் நுழைவதற்கு முன்னால், பத்தடி தள்ளி நின்று வெளிச்சுவரைப் பாருங்கள். நம் ஊரில் சைஸ் கல் வைத்துச் சுவர் கட்டும்போது, கிருஷ்ணகிரிப் பக்கத்திலிருந்து வரும் கொத்தனார்கள் உளியால் பொளிந்து ஒவ்வொரு கல்லையும் சதுரப்படுத்திக்கொள்வார்கள். இங்கே அதற்கு நேர்மாறு. உளி படாத கற்களையே தேர்ந்தெடுத்தார்கள். பல்லாண்டு வெயிலிலும் பனியிலும் கிடந்து நிறம் மாறிய மேற்பரப்பு வெளியே தெரியுமாறு ஒவ்வொரு கல்லையும் பொருத்தினார்கள். உளிபட்ட கல் புதிதாகத் தெரியும். பக்கத்திலுள்ள பாறையோடு ஒட்டாது. பொளியாத கல்லை வைத்து வட்டச்சுவரின் வளைவு கெடாமல் எழுபது அடி உயர்த்துவது எவ்வளவு கடினம் என்பது கல்வேலை தெரிந்தவர்களுக்குப் புரியும். ஆங்காங்கே ஒரு கல் மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். அதன் நிழல் விழுவதால் சுவர் மொட்டையாகத் தெரிவதில்லை. பக்கத்திலேயே இடிந்த சுவர்போல ஒரு பகுதி இருக்கும். அதையும் கோல்ட்டர்தான் வேண்டுமென்றே அப்படிக் கட்டினார். எந்த நிலையில் பழைய கோபுரங்கள் நம்மிடம் வந்து சேர்ந்திருக்கின்றன என்பதைக் காட்டுவதற்காக அதைச் செய்தார் என்றே நான் புரிந்துகொள்கிறேன்.

ஒரு வேறுபாட்டையும் சொல்ல வேண்டும். பழைய கோபுரங்களில் எதுவும் இந்த அளவுக்குப் பெரியதல்ல. அதனால் இதைப் பார்த்துவிட்டு, அந்தக் கால மக்கள் இப்படித்தான் கட்டினார்கள் என்று நினைத்துவிடக் கூடாது. உண்மையான இடத்தையும் பார்க்க வேண்டுமானால், கோபுரத்திலிருந்து மேற்கே ஐந்து கிலோமீட்டரில் டூசயான் இடிபாடு இருக்கிறது. 1185 வாக்கில் ஒரு சிறு சமூகம் அங்கே வாழ்ந்தது. தரையோடு தரையாக நிற்கும் தாழ்ந்த சுவர்கள், பாதை சமதளம், கூட்டமும் குறைவு. அம்மா தாராளமாக நடந்து பார்க்கலாம். கோபுரத்தைப் பார்த்த அதே நாளில் இதையும் பார்த்தால்தான் கோல்ட்டர் எதை எடுத்துக்கொண்டார், எதைத் தாமாகச் சேர்த்தார் என்பது விளங்கும்.

அவருடைய கட்டடங்களில் கிராண்ட் கேன்யனில் உள்ள நான்கு, இந்தக் கோபுரமும் சேர்த்து, 1987-இல் தேசிய வரலாற்றுச் சின்னமாக அறிவிக்கப்பட்டிருக்கின்றன. மேற்கே கிராண்ட் கேன்யன் கிராமம் எனப்படும் பகுதிக்கு வந்தால் ஹோப்பி இல்லம் என்ற இன்னொன்றையும் பார்க்கலாம். அது 1905-இல் கட்டியது.

அல்சூர் வாசகி:

இருவருக்கும் மிக்க நன்றி. கேமரன் வழியாக வரும் யோசனை எனக்குத் தோன்றவே இல்லை. தம்பிக்கு அனுப்பினேன், உடனே ஒப்புக்கொண்டுவிட்டான். பொறியாளர் ஐயா எழுதியதை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். என் தாத்தா ஓசூர்ப் பக்கம் கல்வேலை செய்தவர். 'பொளி' என்ற சொல்லைக் கேட்டதும் அம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது.

இன்னொரு ஐயம். பள்ளத்தாக்கில் விஷ்ணு கோயில் என்றொரு சிகரம் இருப்பதாக யாரோ அம்மாவிடம் சொல்லியிருக்கிறார்கள். அது உண்மையா, அது கோபுரத்திலிருந்து தெரியுமா என்று கேட்கிறார்.

பசவனகுடி நிலவியல் ஆசிரியை:

உண்மைதான் அம்மா. 1880-களில் அங்கே ஆய்வு செய்த கிளாரன்ஸ் டட்டன் என்பவர், அந்தச் சிகரங்கள் அடுக்கடுக்காகக் கோபுரங்கள்போல நிற்பதைப் பார்த்துக் கீழைநாட்டுக் கோயில்களின் நினைவாகப் பெயரிட்டார். விஷ்ணு கோயில் என்பது அப்படி வந்த பெயர். பிரம்மா கோயில், சிவன் கோயில் என்ற சிகரங்களும் இருக்கின்றன. அவை கோயில்கள் அல்ல, இயற்கையான பாறைச் சிகரங்கள் என்பதை முன்பே சொல்லிவிடுங்கள், இல்லையென்றால் ஏமாந்துபோவார். விஷ்ணு சிகரத்தைக் கிராண்ட்வியூ முனையிலிருந்து காட்டுங்கள். உங்கள் வழியிலேயே இருக்கிறது.

இதைவிட முக்கியமான ஒன்றை உங்கள் அம்மாவிடம் சொல்ல ஆசைப்படுகிறேன். பள்ளத்தாக்கின் ஆழத்தில், ஆற்றை ஒட்டிக் கருமையாகத் தெரியும் அடிப்பாறைகளுக்கும் விஷ்ணு பாறை என்றே பெயர். அவற்றின் வயது ஏறத்தாழ 170 கோடி ஆண்டுகள். கோபுரம் நிற்கும் விளிம்புப் பாறையின் வயது 27 கோடி ஆண்டுகள்தான். இடையில் உள்ள ஒன்றரை கிலோமீட்டர் ஆழத்தை ஆறு அறுத்துக்கொண்டு இறங்கியதோ கடந்த ஐம்பது அறுபது லட்சம் ஆண்டுகளில்தான் என்று பெரும்பாலான ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். பாறைகள் மிகப் பழையவை, பள்ளம் இளையது. என் மாணவிகள் முதலில் தடுமாறுவது இந்த இடத்தில்தான். கோபுரத்துக்குக் கீழே ஆற்றங்கரையில் சிவப்பாகச் சாய்ந்து கிடக்கும் அடுக்குகளை அவசியம் காட்டுங்கள்; மற்ற இடங்களில் அடுக்குகள் படுக்கையாக இருக்கும், இவை மட்டும் சாய்ந்திருக்கும். இவ்வளவு விரிவாக அவற்றைப் பார்க்கக் கிடைப்பது தென்விளிம்பின் இந்தக் கிழக்குக் கோடியில்தான்.

புறப்படுவதற்கு முன்னால் ஒரு நாள் காலையில் அம்மாவை லால்பாக்குக்கு அழைத்துப் போங்கள். அங்கே கெம்பேகவுடர் கோபுரம் நிற்கும் பாறையை நாம் எல்லோரும் மிதித்துக்கொண்டு நடக்கிறோம். அதன் வயது ஏறத்தாழ 300 கோடி ஆண்டுகள் என்று அங்குள்ள பலகையிலேயே எழுதியிருக்கிறது. கிராண்ட் கேன்யனின் அடியாழத்தில் இருப்பதைவிடவும் அது நூறு கோடி ஆண்டுகளுக்கு மேல் மூத்தது. அங்கும் ஒரு கண்காணிப்புக் கோபுரம், இங்கும் ஒரு கண்காணிப்புக் கோபுரம். லால்பாக் பாறையில் வெளிர் நிறமும் கரு நிறமும் மாறி மாறி வரிகளாக ஓடும். அவற்றைக் கையால் தடவிப் பார்க்கச் சொல்லுங்கள்.

வைட்ஃபீல்டு தகப்பன்:

சுருக்கமாகச் சில குறிப்புகள். டெசர்ட் வியூ 2,260 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அதாவது நம் ஊட்டியின் உயரம். அக்டோபர் காலையில் நல்ல குளிர் இருக்கும், காற்றும் பலமாக வீசும். அம்மாவுக்குக் காதை மூடும் குல்லாயும் கையில் தண்ணீரும் அவசியம். கார் நிறுத்தும் இடத்திலிருந்து கோபுரம் வரை சில நூறு மீட்டர் நடக்க வேண்டும். பாதை நன்றாகப் போடப்பட்டிருக்கிறது. கோபுரம் திறக்கும் நேரமும் மேல் தளங்களுக்கு அனுமதியும் அவ்வப்போது மாறுவதால், முதல் நாள் இரவே பூங்காவின் இணையதளத்தில் பார்த்துவிடுங்கள். வெளிநாட்டவருக்கான நுழைவுக் கட்டணத்தையும் அப்போதே பார்த்துக்கொள்ளுங்கள்.

மேல்மாடத்தில் சின்னப் பெட்டிபோல ஒரு கருவி பொருத்தியிருப்பார்கள். அதற்குள் கறுப்புக் கண்ணாடி இருக்கும். குனிந்து அதில் பள்ளத்தாக்கின் பிம்பத்தைப் பார்த்தால், வெயிலில் வெளுத்துத் தெரியும் நிறங்கள் ஆழ்ந்து, ஓவியம்போலத் தெரியும். கோல்ட்டர் காலத்திலிருந்தே அது அங்கே இருக்கிறது. எட்டு வயது என் மகள் அந்தக் கண்ணாடியை விட்டு வரவே மாட்டேன் என்றாள்.

ஜெயநகர் பயணி:

அந்தக் கண்ணாடியைச் சொல்ல மறந்துவிட்டேன், நினைவூட்டியதற்கு நன்றி. இன்னொன்று, சகோதரி. டெசர்ட் வியூவைப் பழங்குடி மக்கள் தங்கள் பண்பாட்டைத் தாங்களே எடுத்துரைக்கும் இடமாக மாற்றிக்கொண்டிருக்கிறார்கள். பள்ளத்தாக்கோடு தொடர்புடைய பழங்குடிச் சமூகங்கள் 11. நாங்கள் போனபோது கோபுரத்துக்கு அருகில் ஒரு பெண்மணி தறியில் கம்பளம் நெய்துகொண்டிருந்தார். என் மாமியாருக்கு ஆங்கிலம் வராது, அவருக்குத் தமிழ் வராது; இருந்தும் இருவரும் நூலைத் தொட்டுத் தொட்டு அரை மணி நேரம் பேசிக்கொண்டிருந்தார்கள். நீங்கள் போகும் நாளில் யாராவது இருந்தால், அம்மாவை அவர்கள் பக்கத்தில் உட்காரவைத்துவிட்டு நீங்கள் மேலே போய் வாருங்கள். அவரை விட்டுவிட்டு வந்தோமே என்ற எண்ணம் உங்களுக்கு வராது.

அல்சூர் வாசகி:

அப்படியே செய்கிறேன் ஐயா. வரும் ஞாயிற்றுக்கிழமை காலை ஆறரை மணிக்கு லால்பாக்குக்குப் போகிறோம். பாறையில் ஏறி இறங்க வேண்டிய இடத்தில் அம்மாவின் முழங்கால் எப்படி இருக்கிறது என்று அன்றே தெரிந்துவிடும். ஹோப்பி அறை வரை அழைத்துப் போகலாமா, வேண்டாமா என்பதை அதை வைத்து முடிவு செய்துகொள்கிறோம்.